டெல்மர் நன்றாக இருக்கிறான்

பெர்ச் கிரீக்
1999 அக்டோபர் 3

அன்புள்ள ரோண்டா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கு என்ன குறை? அம்மாவின் கல்லறையில் கல் நட்டாகிவிட்டது. பெயரை ஒழுங்காகச் செதுக்க வைப்பதற்குள் இரண்டு தடவை போய்ச் சண்டை போட வேண்டியதாயிற்று. நீ அனுப்பிய பூ வந்து சேர்ந்தது. நீ வந்து சேரவில்லை. சரி, விடு.

தம்பி டெல்மரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நாற்பது தாண்டியும் மனசு மட்டும் ஐந்து வயதிலேயே நின்றுவிட்டவனுக்குச் சாவைப் பற்றி எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? அம்மாவைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். போன வாரம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவனை ரயில்வே ஆள் ஒருவர் கூட்டி வந்து விட்டார். "அம்மா சர்ச்சுக்குப் போயிருக்குக்கா, கூப்பிடப் போனேன்" என்கிறான். திட்டவும் முடியவில்லை.

நான் விடிவதற்கு முன்பே பள்ளிக்கூடச் சமையலறையில் நிற்க வேண்டும். அதனால் கிளம்பும்போது அவன் அறைக் கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போகிறேன். உள்ளே ரேடியோ, ரொட்டி, தண்ணீர், ஒரு வாளி எல்லாம் வைத்திருக்கிறேன். மதியம் வந்து அவிழ்த்துவிடுவேன். முதல் நாள் அழுதான். இப்போது நம் துரை பழகிவிட்டார். அவனே கயிற்றை எடுத்து நீட்டி, "இறுக்கிக் கட்டுக்கா" என்கிறான். சிரிப்பாக வருகிறது. கொஞ்சம் அழுகையும்தான்.

உன் அக்கா,
ஒலீட்டா


தலைநகர்
அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். போனில் கூப்பிட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். முதியவர்களையும், உடம்போ மனசோ முடியாதவர்களையும் யாராவது அடித்தால், பட்டினி போட்டால், கவனிக்காமல் விட்டால் காப்பாற்றுவதற்கு மாவட்டத்துக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகங்கள் உண்மையிலேயே காப்பாற்றுகின்றனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுகிறவள் நான். நான் படிக்கிற கோப்புகளில் கட்டிய கதவுகள் நிறைய இருக்கின்றன, அக்கா. நம் வீட்டில் கரி அடுப்பு வேறு. ஒரு பொறி தெறித்தால் உள்ளே இருப்பவன் என்ன செய்வான்?

தயவுசெய்து கயிற்றை எடுத்துவிடு. பகலில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஆள் தருகிறது. விண்ணப்பம் போடு.

அன்புத் தங்கை,
ரோண்டா


பெர்ச் கிரீக்
அக்டோபர் 16

அன்புள்ள ரோண்டா,

விண்ணப்பம் போடச் சொல்கிறாயே, அம்மா உயிரோடு இருந்தபோதே போட்டாயிற்று. நேற்று மறுபடி போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், "லிஸ்ட்ல பேர் இருக்கும்மா, இன்னும் நாலு வருஷம் ஆவும்" என்றாள்.

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"அப்டின்னா உடனே கெடச்சிரும்மா. அது அவசர கேஸ்ல வந்துரும்."

பாவம், நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். ஆள் கிடைப்பதற்காக நான் சாக முடியுமா? உயிரோடு இருப்பதுதான் தப்பு போலிருக்கிறது.

கரி அடுப்பு பற்றி எனக்குத் தெரியாதா? கிளம்புவதற்கு முன் சாம்பல் போட்டு மூடிவிட்டுத்தான் போகிறேன். வேலையை விட்டால் சோறு கிடையாது, கட்டாமல் போனால் தண்டவாளம். மூன்றாவது வழி உன் மதிப்பெண் தாளில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் நீயே வந்து அவனோடு உட்கார். பீன்ஸும் சோள ரொட்டியும் நான் போடுகிறேன்.

கோபமில்லை. களைப்பு.

அக்கா


தலைநகர்
அக்டோபர் 22

அன்புள்ள அக்கா,

நாளைக் காலையே உன் கைக்கு வரும்படி இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துப் போடாதே. முழுக்கப் படி.

உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு இன்று காலை நான்தான் தகவல் சொன்னேன். என் பெயரைச் சொல்லியே சொன்னேன். நம் மாநிலச் சட்டப்படி இப்படி ஒன்று தெரிந்தால் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இதை மற்றவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவளே நான்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிப் பெண் சொன்னது நிஜம், அவசர கேஸ் என்றால் பட்டியல் நகரும். எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். புகார் பதிவானால், வருஷக்கணக்கில் வராத உதவி வாரத்தில் வந்து நிற்கிறது.

அவர்கள் வரும்போது எதையும் ஒளிக்காதே. கயிற்றைக் காட்டு, ஏன் கட்டுகிறாய் என்று சொல். ஒளித்தால்தான் சந்தேகப்படுவார்கள். உண்மையைச் சொன்னால் ஆள் போடுவார்கள். என்னை நம்பு.

ரோண்டா


பெர்ச் கிரீக்
அக்டோபர் 27

ரோண்டா,

நம்பினேன்.

நீ போன் செய்த மறுநாளே வந்துவிட்டார்கள். ஒரு நாளைக்குள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது உங்கள் விதியாமே, விசாரிக்க வந்த பெண் பெருமையாகச் சொன்னாள். சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, அவர்ட்ட தனியா பேசணும்" என்றாள். என் வீட்டு வாசலில், என் தம்பி என்ன சொல்லப் போகிறானோ என்று நான் வெளியே நின்றேன்.

அவனுக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்த சந்தோஷம். கயிற்றைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான், எப்படிக் கட்டுவது என்று முடிச்சுப் போட்டும் காட்டியிருக்கிறான். நானும் நீ சொன்னபடியே ஒன்று விடாமல் ஒப்பித்தேன். வாளியைக்கூட மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

நீ சொன்னது சரிதான், பட்டியல் நகர்ந்தது. ஆனால் ஆள் வீட்டுக்கு வரவில்லை. அவனைத்தான் கொண்டுபோய்விட்டார்கள். இங்கிருந்து மூன்று மணி நேரம் தள்ளி ஒரு இல்லத்தில் இடம் காலியாக இருந்ததாம். அவனுக்குக் காரில் போவதென்றால் உயிர் என்று உனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே ஏறினான். வளைவு திரும்பும்வரை கை காட்டினான்.

நவம்பர் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் விசாரணை. அவனைத் திருப்பி அனுப்புவதா, அரசாங்கமே வைத்துக்கொள்வதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்களாம். நான் என்ன படித்தவளா, அங்கே நின்று பேச? நீ வா. நான் அவனுக்கு யார் என்று நீ சொல்லு. உன் பேச்சைக் கேட்பார்கள்.

ஒலீட்டா


தலைநகர்
நவம்பர் 4

அக்கா,

வருகிறேன். சொந்த அக்கா வழக்கில் சாட்சி சொல்லப் போவது வேலைக்கு நல்லதல்ல என்று மேலதிகாரி சொன்னார். பரவாயில்லை என்றேன்.

நம் தம்பியை வீட்டுக்குக் கூட்டி வருவோம்.

ரோண்டா


தலைநகர்
நவம்பர் 21

அன்புள்ள அக்கா,

கோர்ட் வாசலில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தேன். நீ ஏறிய வண்டி போய்விட்டது.

நீ அவனுக்கு எப்படி ஊட்டுவாய், இறைச்சியை எவ்வளவு சின்னதாக நறுக்குவாய், அம்மா படுத்த பிறகு இரண்டு பேரையும் நீ ஒருத்தியே எப்படித் தூக்கிச் சுமந்தாய் என்று எல்லாம் சொன்னேன். நீதிபதி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கப்புறம்தான் அரசு வக்கீல் எழுந்தார். "நீங்க இந்த மாநிலம் பூரா இதே வேலைய மதிப்பிடுறவங்க. வேற யார் வீடோன்னு நெனச்சுக்குங்க. வெளிய கட்டின கதவு, உள்ள கரி அடுப்பு. பத்திரமான வீடுன்னு மதிப்பெண் போடுவீங்களா?"

சத்தியம் செய்துவிட்டு நின்றேன், அக்கா. இல்லை என்றேன். "ஆனால்" என்று ஆரம்பித்தேன். அவர் "அது போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவனை அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

அந்த "ஆனால்" எனக்குள்ளேயே நிற்கிறது. நாலு வருஷம் காக்க வைத்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கயிறே வேண்டாம் என்று கத்தியிருக்க வேண்டும். என் மதிப்பெண் தாளில் வந்து பார்த்த நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, தனியாக விசாரித்ததற்கு ஒரு கட்டம் இருக்கிறது. காக்க வைத்த வருஷங்களுக்கு மட்டும் கட்டம் இல்லை. உங்கள் மாவட்டம் நம் வழக்கில் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் வாங்கும்.

திட்டியாவது எழுது.

ரோண்டா


தலைநகர்
டிசம்பர் 19

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? ஒரு வரி போதும்.

ரோண்டா


பெர்ச் கிரீக்
2000 ஜனவரி 16

ரோண்டா,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. கிழிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் சமைக்கவே இல்லை, வந்திருந்தாலும் பட்டினிதான் கிடந்திருப்பாய்.

நேற்றுத்தான் டெல்மரைப் பார்க்க விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவள் தன் வண்டியில் கூட்டிப்போனாள். இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி. இடம் சுத்தம். கதகதப்பாக இருக்கிறது, கரிப்புகை இல்லை. ரொம்ப நாளாக அவனுக்கு வலித்துக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். நகம் வெட்டியிருக்கிறது. சதை போட்டிருக்கிறான். வாசல் கதவு எண் தட்டினால்தான் திறக்கிறது, எண் அவனுக்குச் சொல்ல மாட்டார்கள். அதைப் பாதுகாப்பு என்கிறார்கள்.

உள்ளே விடும்போது, வெளியிலிருந்து யார் வந்தாலும் மாட்டுகிற ஒரு அட்டையை என் கழுத்திலும் மாட்டினார்கள். ஹாலில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடி வருவான் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அட்டையைப் பார்த்துக்கொண்டு, "நான் நல்லாருக்கேன் மேடம். இங்க பத்திரமா இருக்கேன். சாப்பாடு நல்லாருக்கு. தேங்க்யூ மேடம்" என்றான்.

பக்கத்திலிருந்த பணிப்பெண் சிரித்தாள். "செக் பண்ண யார் வந்தாலும் இப்டித்தாம்மா சொல்றாரு, யாரும் சொல்லிக் குடுக்கல, தானா கத்துக்கிட்டாரு" என்றாள். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அவன் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "டெல்மர், அக்காடா" என்றேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.

உன் அலுவலகத்திலிருந்து யாராவது மதிப்பிட வந்தால் அவனிடம் கேட்கட்டும். முழு மதிப்பெண் கிடைக்கும். நீ மட்டும் போகாதே, ரோண்டா. உன்னிடமும் அதையேதான் சொல்வான். எனக்கு ஆனது உனக்கும் ஆக வேண்டாம்.

ஒலீட்டா