எரிமலை ஏரியும் வெளியே போட்ட பூட்டும்

"என்னங்க" என்று மட்டுமே நான் கூப்பிட்டுப் பழகிய உங்களுக்கு,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு மலர் தயாராகிறது. கல்லூரியில் நிலவியல் நடத்திய காலத்தில் நீங்கள் எழுதிய எரிமலை ஏரிக் கட்டுரையும் அதில் வருகிறது. அச்சாகுமுன் பிழை திருத்த வேண்டிய மெய்ப்பு என்னிடம்தான் இருக்கிறது. வேறு யாரிடம் இருக்கும்?

நான் இந்த மூன்றாம் மாடியில் இருக்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, நம் ரகு திருவெறும்பூருக்கு வேலைக்குப் போகும்போது இரும்புக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். பெற்றவளின் பாதுகாப்புக்காம். பூக்காரம்மா கம்பி வழியாகப் பூவை நீட்டுகிறாள். குரலை உயர்த்தக் கூடாதென்று கான்வென்ட்டில் பழகிய வாய் எனக்கு. கெஞ்சவும் வராது. பூவை வாங்கி உங்கள் படத்துக்குப் போட்டுவிட்டு இருந்துவிட்டேன்.

இன்று காலை மெய்ப்பைப் பார்த்தால், உங்கள் பத்தி ஒன்றை அவன் சுருக்கியிருக்கிறான். ஏரியில் கரைந்திருக்கும் வாயு, அடியில் அழுகும் இலைதழையிலிருந்து வருகிறதாம். நீங்கள் எழுதியதையெல்லாம் திருத்திய அதே சிவப்புப் பென்சிலால் அடித்தேன்.

"குளத்துல அப்படித்தானேம்மா குமிழி வருது?" என்றான்.

கொஞ்சம் அப்படியும் வரும் என்றேன். ஆனால் அந்த ஏரிகளில் நிறைந்திருக்கும் கரியமில வாயு ஏரியில் உண்டானதில்லை. வெகு ஆழத்தில் பாறைக்குழம்பிலிருந்து பிரிந்து, வெடிப்புகள் வழியே ஏறி, ஊற்றுநீரோடு ஏரியின் அடிக்கு வருகிறது. மேலே நிற்கும் தண்ணீரின் கனம் அதை வெளியே விடாமல் கரைத்தே வைத்திருக்கிறது. மேல்நீரும் அடிநீரும் கலக்காத ஏரியென்றால் வருஷக்கணக்காகச் சேரும். பார்ப்பவருக்கு ஓர் அலைகூடத் தெரியாது. கரை சரிந்து உள்ளே விழுந்தால் அடிநீர் புரண்டு அத்தனையும் பொங்கிவிடும். அதனால்தான் ஆழத்துக்குக் குழாய் இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததை அவனுக்குச் சொன்னேன்.

"அப்பா போயும் அந்தப் பென்சில் போகல" என்று சிரித்தபடி ரகு பூட்டைக் கையில் எடுத்தான்.

"எனக்கு ஒரு சாவி வேணும்" என்றேன்.

"திரும்ப விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா யாராவது வந்து தூக்க வேண்டாமா? நீ பூட்டிட்டுப் போனா எப்படிடா வருவாங்க?"

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பூட்டிக்கொண்டு போய்விட்டான். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மெய்ப்பை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். சாவி வராமல் அது அச்சகத்துக்குப் போகாது. இந்தக் கடிதமும் மலரில் வர வேண்டும், ஒரு வரி குறையக் கூடாது என்று ரகுவிடம் சொல்லப்போகிறேன்.

ஆகவே மலர் அச்சாகி உங்கள் படத்தின் முன்னால் வந்தால், சாவி என் கைக்கு வந்துவிட்டதென்று தெரிந்துகொள்ளுங்கள். அன்று சாயங்காலம் நான் தனியாகப் படியிறங்கி அம்மா மண்டபப் படித்துறை வரை நடந்து, காவிரியைப் பார்த்துவிட்டு வருவேன். இது சத்தியம்.

உங்கள் எழுத்தில் கை வைக்க உரிமையுள்ள ஒரே ஆளான உங்கள் மனைவி,
சரோஜா