நமுத்துப்போகாத பிஸ்கோத்து

மதினி,

காலையிலிருந்து சாரல் விட்டபாடில்லை. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ அரிசி வறுக்கிறார்கள். அந்த வாசம் சுவர் தாண்டி வந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீ போனபின் வருகிற முதல் ஆடி இது. சிவக்கவிடாமல், ஈரம் மட்டும் போகிற பதத்துக்கு அரிசி வறுக்க இந்தத் தெருவில் உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய் போல.

நம் இருவருக்கும் ஒரே வயசு. முறைக்குத்தான் நீ மதினி. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒட்டாமல் நான் மார்க்கையன்கோட்டைக்கே திரும்பி வந்தபோது, "இது உன் வீடுத்தா, எவன் என்ன சொல்லுவான்?" என்றான் அண்ணன். நீ எனக்கும் சேர்த்து ஒரு தட்டு எடுத்து வைத்தாய். அந்த அண்ணன்தான் யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். அந்தப் பத்து நாளும் நிஜமாகவே நடந்ததா, இல்லை நான் தூக்கத்தில் கண்டதா என்று இப்போதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது. முற்றத்தில் வெயில் அடித்ததும் அவன் சிரித்ததும் ஒன்றாகத்தான் ஞாபகம் வருகின்றன.

வரும்போது மதுரையில் ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். மெழுகுத்தாள் சுற்றியது. கிளம்புகிற அன்று காலையில்தான் பிரித்தான். ஆளுக்கு ஒன்று. மொறுக்கென்று கேட்ட சத்தத்துக்கே நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "மிச்சத்த நமுத்துப் போகாம வச்சிருங்க. அடுத்த லீவுக்கு வந்து திங்கணும்" என்று சொல்லிவிட்டுக் கரி போட்டு ஓட்டுகிற அந்த யுத்தகால பஸ்ஸில் ஏறினான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவன் விளையாட்டுக்குச் சொன்னது எது, நிஜமாகச் சொன்னது எது என்று உனக்கு என்றைக்கு மதினி தெரிந்திருக்கிறது?

"அவுக சொல்லிட்டுப் போயிருக்காகத்தா. இது மொறுமொறுன்னு இருக்குற வரைக்கும் அவுகளுக்கு ஒரு கொறையும் வராது" என்றாய். "போடி கிறுக்கச்சி" என்றேன். முறையை மறந்து அப்படித்தான் சொன்னேன். நீ கோபித்துக்கொள்ளவே இல்லை.

அரிசியை வறுத்து, ஆறவைத்து, ஈரத்தை இழுக்கட்டும் என்று துணியில் முடிந்து தகர டப்பாவின் அடியில் வைத்தாய். அதன்மேல் மிச்சமிருந்த ஏழு பிஸ்கோத்து. மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஒட்டினாய். புளியும் வற்றலும் சாரலில் கெட்டுவிடக் கூடாது என்று அடுப்புக்குமேல் கட்டிய பலகையில்தானே வைப்போம்? டப்பாவையும் அங்கேயே ஏற்றினாய். சோறு கொதிக்கிற ஆவி முழுக்க அங்கேதான் போகிறது என்று நம் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. அது போதாதென்று, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றியதும் டப்பாவை இறக்கி, மெழுகைச் சுரண்டித் திறந்து, ஒன்றை எடுத்து நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பாய். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல. நமுத்திருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்தே நீ நமுக்கவைத்தாய், மதினி!

ஆடி பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை. நீ களையெடுக்கப் போயிருந்தாய். எனக்கென்னவோ மனசு கேட்காமல் டப்பாவைத் திறந்தேன். ஏழும் சவசவவென்று கிடந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை. உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கோழி இட்ட முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு சின்னமனூர் கடைவீதிக்கு நடந்தேன். கடைக்காரர் முட்டையை வாங்கிக்கொண்டு, கண்ணாடி ஜாடியிலிருந்து ஏழு பிஸ்கோத்தை எடுத்துத் தாளில் மடித்தார்.

"என்னத்தா, வீட்டுல ஆருக்கும் காய்ச்சலா?" என்றார். காய்ச்சல்காரருக்குத்தானே அப்போதெல்லாம் பிஸ்கோத்து.

"ஆமாண்ணே, விட்டு விட்டு வருது" என்றேன்.

கடைப் பிஸ்கோத்து அண்ணன் வாங்கியதைவிடக் கொஞ்சம் சிவப்பு. ஓரத்தில் பல் பல்லாக வெட்டும் இல்லை. பழையதை எடுத்துவிட்டு அதை டப்பாவில் வைத்து மெழுகால் ஒட்டினேன். மறுநாள் நீ தட்டிப் பார்த்தபோது அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன். "நல்லா இருக்குத்தா" என்று சொல்லி மூடினாய்.

நமுக்க நமுக்க நான் மாற்றி வைக்க, இரண்டு ஆடி இப்படிப் போயிற்று. சில வாரம் கடையில் ஜாடி காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை வராமல் போகக்கூடாதா என்று சாமியிடம் சண்டை பிடிப்பேன். நீயோ தெருவுக்கே வாத்தியார் ஆகிவிட்டாய். "எங்க வீட்டுல நேத்துப் பிரிச்சது இன்னைக்கே சவுத்துப் போச்சுத்தா, உனக்கு மட்டும் எப்பிடி நிக்கிது?" என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அரிசி முடிச்சு கட்டிக் கொடுத்தாய். அவர்களுடையது எப்படியும் நமுத்தது. "ஒனக்குக் கைராசி" என்றார்கள். நான் கொல்லைப்புறம் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

பிறகு தந்தி வந்தது. அண்ணன் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் உன்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதார்கள். நானும் உன்னைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்த மறுநாள், நீயே டப்பாவை இறக்கினாய். மெழுகைச் சுரண்டித் திறந்து, இருந்ததைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். வெறும் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"இனிமே நீ முட்டையத் தூக்கிக்கிட்டுச் சின்னமனூருக்கு நடக்க வேணாம்த்தா" என்றாய்.

 எத்தனை நாளாய்த் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீதான் கேட்டாய்.

"அவுக கை பட்டது ஏழு இருந்துச்சே. அது எங்கன?"

"கோழிக்குப் போட்டுட்டேன் மதினி."

தலையை ஆட்டினாய். "சரி, போகட்டும். வாயில்லாச் சீவன் தின்னுருக்கு" என்று எழுந்து போனாய். அதற்குப் பிறகு நாம் ஒரே வீட்டில் எத்தனையோ பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. உன் கடைசி நாட்களில் உனக்குக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். வாய் வரவில்லை. ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரிந்ததால்தான் வரவில்லை.

கோழிக்குப் போடவில்லை மதினி. நான்தான் தின்றேன். நாளைக்கு ஒன்றாக, ஏழு நாள், நீ தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து. பல்லுக்கே வேலையில்லை, வாயில் வைத்ததும் கரைந்தது. அவன் உனக்குப் புருஷன் என்றால், எனக்கு அண்ணன்.