படத்தில் இல்லாத அப்பா

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. அச்சகங்களுக்குப் பின்னால், ஐந்தே வகுப்பறைகள் கொண்ட பள்ளிக்கூடம். இருபத்திரண்டு வருஷமாக அதற்கு நான்தான் போட்டோகிராபர். ஆசிரியர்களின் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தேன். மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும் புது டீச்சர் மட்டும் நாற்காலியில் உட்காரவில்லை.

"என் கேமரா கடிக்காது டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏற்கெனவே கடிச்சிருக்கு சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தலைமையாசிரியையின் நாற்காலிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தாள். கண் நிறைய நீரோடு ஒரு சிறுமி. எனக்குப் பரிசு வாங்கித் தந்த படம். அந்தச் சிறுமி இவள்தான்.

ஜூன் 10

நெகட்டிவ் பரணில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மதிய இடைவேளையில் அவளே பேசினாள். ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் படத்தைப் போஸ்டராகப் போட்டது. கீழே, 'இவளுக்கு யாருமில்லை'. அது பேருந்து நிறுத்தம் வரை ஒட்டியிருந்ததாம்.

"அம்மா தவறிப்போன வருஷம் சார் அது. அப்பாதான் குளிப்பாட்டி, தலை பின்னி கூட்டிட்டு வருவாரு. அவர் தையல் கடைக்கு வர்றவங்க எல்லாம், 'ஏம்ப்பா, நீ உயிரோட இருக்கும்போதே உன் பொண்ணு அநாதையா'ன்னு கேட்டாங்க. அப்புறம் என்னை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டாரு."

அப்போது நான் என்ன சொன்னேன்? வாய் கூசாமல் சொன்னேன்: "அதெல்லாம் அந்த நிறுவனக்காரங்க பண்ணினதும்மா. எனக்கே அப்புறம்தான் தெரியும்."

அவள் முகம் மாறிவிட்டது. "அப்படியா? இத்தனை வருஷமா உங்களைத்தான் திட்டிட்டிருந்தேன். மன்னிச்சுக்குங்க சார்."

ஜூன் 13

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்!

ஜூன் 17, செவ்வாய்

பரணில் ஏறினேன். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தேன். ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட குழந்தை. எதிரே ஒருவர் மண்டியிட்டு, தன் சட்டை நுனியால் காயத்தைத் துடைக்கிறார். படத்தில் சரிபாதி அவர்தான்.

வெட்டியது நான். 'யாருமில்லை' என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். தனியாக நின்றால்தான் மனசைத் தொடும் என்று கணக்குப் போட்டேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அந்த வழியாகப் போகையில் பள்ளி வாசலில் பார்த்த மனுஷன்தானே!

மனைவியிடம் சொன்னேன். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் அந்தப் படத்தைச் சொல்லிப் பெருமையடிச்சேனே. என்னையும் சேர்த்துல்ல பொய் சொல்ல வச்சிருக்கீங்க" என்றாள்.

ஜூன் 21, சனி

முழுப் படத்தையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மகளும் இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே சொன்னேன். நிறுவனம் இல்லை, நான்தான். அன்றைக்கு டீச்சரிடம் சொன்னதும் பொய்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "நீங்க படம் எடுக்கறது அன்னிக்கே தெரியும். பாப்பா முகம் நல்லா விழட்டும்னு நான்தான் கொஞ்சம் குனிஞ்சு குடுத்தேன். ஒரு காப்பி கொண்டாந்து தருவீங்கன்னு ரொம்ப நாள் பார்த்துட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரெண்டு சடையும் சமமாத்தான் பின்னியிருக்கேன்" என்றார், தனக்குத்தானே. பிறகு பட்டனுக்குத் திரும்பிவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

ஆசிரியர்கள் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பரிசு கொடுத்த சங்கத்துக்கும் எழுதி, பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். தலைமையாசிரியை நாற்காலி மேல் ஏறி தன் கையாலேயே படத்தைக் கழற்றினார். பிடிக்கப் போனேன். "வேண்டாம் சார்" என்றார். "இந்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

சரி என்றேன்.

அவள் குனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 3

பள்ளிக்கூடச் சந்து வழியாகப் போவதில்லை. சுற்றுவழிதான்.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் தலைமையாசிரியை கூப்பிட்டார். "வகுப்புப் படம் எடுக்க ஒரு பொண்ணு வந்திருக்கா. எங்க நிறுத்தினாலும் பிள்ளைங்க முகத்துல பாதி இருட்டா விழுதாம். படம் எடுக்க உங்களைக் கூப்பிடலை சார். வெளிச்சத்துக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்க."

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். கால் கேட்கவில்லை, போனேன்.

எதிர்ச் சுவரில் பட்டு வரும் வெயிலை ஒரு வெள்ளை அட்டையால் திருப்ப வேண்டும். அதை யாராவது பிடித்தாக வேண்டும். ஐந்து வகுப்புக்கும் நானே பிடித்தேன். ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன், "தாத்தா, கை வலிக்கலையா?" என்றான். வலித்தது.

மூன்றாம் வகுப்பு வந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிள்ளைகள், "மிஸ், நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போய்க் கடைசி வரிசையின் நடுவில் நின்றாள்.

"சார், அட்டையைக் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றாள் படம் எடுக்க வந்த பெண். "டீச்சர் முகத்துக்கு வெளிச்சம் பத்தலை."

தூக்கிப் பிடித்தேன்.