உச்சச் சூடு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துக்கு உலை தேர்ந்தெடுத்தது நான்தான் என்று எழுதியிருந்தேனே. 1400 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். பொருத்த வந்த மெக்கானிக் சிரித்தார். "அது உச்சங்க. தினமும் அதுலயே ஓட்டினா தாங்காது." நேற்று உலையின் கதவுச் செங்கல் வெடித்தது. பயப்படாதே, என் புருவம் மட்டும் கருகியது. செங்கல்தான் மட்டம் என்று மேலதிகாரி நினைக்கிறார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து தினமும் சூட்டை 1400 வரை ஏற்ற வேண்டுமாம்.

அப்பாவின் முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு அனுப்பு. என்னுடையவை பாலியெஸ்டர், நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

மேலதிகாரி கூப்பிடுகிறார். இன்றைக்காவது வாய் திறக்க வேண்டும்.

உன் மகன்