மூடிய ஸ்டேஷனில் டிக்கெட் கேட்கும் அம்மா

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை; உன்னை நினைத்துத்தான் கவலை. அப்பா போனபின் அந்த வீட்டில் நீ ஒற்றை ஆளாகக் கிடக்கிறாய் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. உனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். நல்ல வெளிச்சம். அடுத்த மாதமே வந்துவிடு. சாக்குச் சொல்லாதே.

உன் மகன்

மார்ச் 19

அன்பு மகனுக்கு,

சாக்கு இல்லையடா, சமாச்சாரம்! நான் டிக்கெட் பரிசோதகராக இருந்த சுரங்க ரயில் நிலையத்தை, ரயில் நின்று இத்தனை வருடம் கழித்து, ஜனங்கள் சுற்றிப்பார்க்கத் திறந்துவிட்டார்கள். தண்டவாளம் ஓடிய பள்ளத்தில் செடிகள். பழைய ரயில் பெட்டிக்குள் டீக்கடை. வருகிறவர்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே மானம் கப்பலேறியது. வெளியே போகும் வழியில் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, "டிக்கெட்டைக் காட்டுங்க" என்றுவிட்டேன். ஒருவர் பல்லைக் காட்டினார். விடுவேனா? "கோட்டு போட்டுட்டு வந்தா ஓசியில போயிடலாமா?" என்று பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டேன். பார்த்தால், திறந்துவைக்க வந்த மேயர்! கூட்டமோ இதுவும் நிகழ்ச்சிதான் என்று கைதட்டியது. இப்போது தினமும் யாரையாவது திட்டச் சொல்கிறார் மேலாளர். ரயில் ஓடிய காலத்தில் பயணிகளைத் திட்டாதே என்று மெமோ கொடுத்தார்கள். இன்றைக்குத் திட்டுவதற்குச் சம்பளம்!

உன் அப்பா போனபின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அதனால் பயணம் தள்ளிப்போகட்டும், கண்ணா. மருமகள் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை? என்மேல் கோபமா?

உன் அம்மா

ஏப்ரல் 2

அம்மா,

படித்துச் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. நான் கூப்பிட்டால் வரமாட்டாய், பூட்டிக் கிடந்த ஸ்டேஷன் கூப்பிட்டால் ஓடுவாய். இந்த வயதில் அத்தனை படி ஏறி இறங்க வேண்டுமா? ஒரு தலைவலி என்றால் அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?

மகன்

ஏப்ரல் 15

ராஜா,

தலைவலி என்றால் டீக்கடைக்காரப் பெண் தைலம் தேய்த்துவிடுகிறாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் இடிந்து கிடந்தது, அதுவும் இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறாய் என்றால், நான் வரவில்லை. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா

ஏப்ரல் 28

அம்மா,

உனக்காகக் கூப்பிடவில்லை. உன் மருமகள் என்னைவிட்டுப் பிரிந்து போய் நான்கு மாதம் ஆகிறது. உனக்கு ஒழித்துவைத்தது அவள் இருந்த அறை. சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. எனக்குத்தான் நீ வேண்டும், அம்மா.

மே 7

அட மடையா,

இதை முதலிலேயே எழுதித் தொலைத்திருந்தால் என்ன? இத்தனை நாள் தனியாக அழுதாயா?

மேலாளரிடம் லீவு கேட்டேன். "எத்தனை நாளும்மா?" என்றார். "என் பையன் நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்குற வரைக்கும்" என்றேன். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றாலும் நிற்பேன்.

கதவைத் திறந்துவிடு, போதும்.

அம்மா