நாற்காலி இல்லாத பாத்திரம்

1976 மார்ச் 2, செவ்வாய்

நாடகம் எழுதுகிற ஒருத்தனும் இதுவரை வேலைக்காரியை உட்கார விட்டதில்லை. மேடை ஏறிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் பாத்திரம் கழுவுகிற பாத்திரம்தான். கதாநாயகி சோபாவில் விழுந்து அழுவாள். வில்லன் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு சிரிப்பான். கொலையான ஆள்கூட முதல் காட்சியிலேயே சௌகரியமாகப் படுத்துக்கொள்கிறான். நான் மட்டும் தட்டோடு நிற்பேன்.

இன்று டைரக்டரிடம் கேட்டே விட்டேன். "சார், ஒரே ஒரு காட்சியில உட்கார்ந்துக்கறேனே?"

"வேலைக்காரி உட்கார்ந்தா வேலையை யாரு பார்க்கறது?"

அவர் வீட்டு அடுப்பே அணைந்துவிட்ட மாதிரி பதறினார்.

மார்ச் 8, திங்கள்

டெலிவிஷன்! டெலிவிஷன்!! எங்கள் நாடகக் கம்பெனியை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள்! பதிவு கிதிவு கிடையாதாம். நாம் நடிக்கிற அந்த நொடியே வீட்டு வீட்டுக்குத் தெரியுமாம். தடுக்கி விழுந்தால் ஊரே பார்க்கும் என்றார் டைரக்டர். சந்தோஷத்தில் படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினேன். தடுக்கி விழுந்தேன். ஒத்திகை ஆயிற்று.

மார்ச் 20, சனி

முதல் ஒளிபரப்பு. கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி "கூப்பிட்டீங்களாம்மா!" என்றேன். சவுண்டு பார்க்கிறவர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் முழு வம்சத்தையும் சத்தமில்லாமல் வாயசைத்துத் திட்டினார்.

அம்மா, தான் வேலை பார்க்கிற வீட்டில் பார்த்தாளாம். ஓடிப்போய்க் கேட்டேன், எப்படி இருந்தேன் என்று.

"உன் கை ரொம்ப நல்லா இருந்துச்சுடி."

"கையா?"

"தட்டும் கையும்தான் வந்துச்சு. தலை வரலை. வளையலை வெச்சுக் கண்டுபிடிச்சேன். அந்தம்மாகிட்டகூடச் சொன்னேன், அது என் பொண்ணோட கைன்னு."

"நீ எங்கே உட்கார்ந்து பார்த்தே?"

"உட்கார்றதா? நல்லா கேட்டே போ. கதவோரமா நின்னுதான்."

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துக்கொண்டது.

மார்ச் 22, திங்கள்

கேமரா அண்ணனை மடக்கினேன். "என் தலையை எங்கேண்ணே வெச்சீங்க?"

"உட்கார்ந்திருக்கிறவங்க முகத்துக்குத்தானேம்மா கேமரா நிக்குது. நீ நின்னா கழுத்துக்கு மேல வராது."

"கொஞ்சம் தூக்கினா?"

"மகாராணி முகம் போயிடும். அப்புறம் அவங்க என் தலையை எடுத்துடுவாங்க."

மகாராணி என்பது எங்கள் கதாநாயகிக்கு நாங்கள் வைத்த பெயர். ஆக, உட்கார்ந்தவர்களுக்குத்தான் முகம். நிற்கிறவர்களுக்கு வெறும் கை. வெளியே இருக்கிற அதே அநியாயத்தைத்தான் பெட்டிக்குள்ளும் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு என் தலை வேண்டும்.

ஏப்ரல் 3, சனி

உட்கார்ந்துட்டேன்!!

ஏப்ரல் 4, ஞாயிறு

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. அடுத்த நாடகம், அதே எஜமானி, அதே தட்டு. பாதியில் மகாராணிக்கு வசனம் மறந்துபோச்சு! மேடையாக இருந்தால் திரை ஓரத்திலிருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே கிசுகிசுத்தாலும் மைக் பிடித்துவிடும். மகாராணி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். நாடே எங்களைப் பார்த்தது.

எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கால் வலிக்குதும்மா. காலையிலேருந்து நிக்கறேன்."

கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் எழுந்திரு எழுந்திரு என்று இரண்டு கையாலும் காற்றைத் தூக்கினார். தூக்கட்டும். மகாராணி என்னை எரித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "உட்காரு. எனக்குப் பேச ஒண்ணும் வரலை, நீயாவது பேசு" என்றாள். தெய்வமே! பேசினேன். நம்மைப் போன்றவர்களுக்கென்று சமையலறை ஜன்னலில் தனியாக வைத்திருக்கிற டம்ளரைப் பற்றி. ராத்திரி வெந்நீரில் கால் வைக்கும்போது வருகிற சுகத்தைப் பற்றி. எல்லாம் எங்கம்மா வாயிலிருந்து வந்தது. அதற்குள் மகாராணிக்கு வசனம் ஞாபகம் வந்து, நாடகம் பிழைத்தது.

"யாருடி உன்னை உட்காரச் சொன்னது?" என்று டைரக்டர் பாய்ந்தார்.

"கால் சொல்லுச்சு சார்."

மகாராணி பொட்டை எடுத்துக்கொண்டே, "விடுங்க. அவ உட்காரலைன்னா நான் மயங்கிப் படுத்திருப்பேன்" என்றாள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முகம் வந்துச்சு."

ஏப்ரல் 6, செவ்வாய்

டெலிவிஷன் நிலையத்தில் டெலிபோன் ஓயவில்லையாம். வேலைக்காரிக்கு அவ்வளவு திமிரா என்று சில பேர். இன்னும் சில குரல்கள், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி: "அவங்க மறுபடியும் எப்ப உட்காருவாங்க?"

உட்கார வைத்தது தன் யோசனைதான் என்று டைரக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அறையலாம் என்று போனேன். வாராவாரம் வருகிற தொடரில் நான்தான் முக்கிய வேஷம் என்றார். அறையவில்லை.

1977 பிப்ரவரி 11, வெள்ளி

பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி எழுந்து, "நீங்க உட்காருங்க, நீங்க உட்காராம யாரு உட்கார்றது!" என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. கூச்சமே படாமல் உட்கார்ந்தேன்.

1978 நவம்பர் 18, சனி

இப்போது தொடரை முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். அதனால் புது வீட்டில், புது சோபாவில் உட்கார்ந்து என்னை நானே பார்க்கலாம். அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தியாயிற்று, முழங்கால் கேட்கவில்லை. முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே ரெடி. வீட்டு வேலைக்கு ஒரு அக்காவை அம்மாவே பார்த்து வைத்திருக்கிறாள்.

பெட்டியில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அம்மா கை தட்டினாள். டீ வந்தது. பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிலிருந்து டம்ளரை எடுத்தேன். கையைத்தான் பார்த்தேன். வளையல் போட்ட கை.

நிமிர்ந்தேன். அக்கா கதவோரம் போய் நின்றுகொண்டு, பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கக்கா."

"இருக்கட்டும்மா."

"அட, உட்காருங்கங்கறேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியைப் பார்த்தாள்.

அம்மா, நீ சொல்லு. நீ சொன்னாத்தான் உட்காருவாங்க. அம்மா, சொல்லு!