பாலிஅமீனைப் பார்க்க வந்த அக்காவுக்கு

இன்று காலை ஆய்வகத்தில் புட்ரசீன் குப்பியைத் திறந்தேன். அழுகல் வாடை முகத்தில் அடித்தது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது, அக்கா. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது.

உங்கள் சினையாடுகளிடமிருந்து ஆய்வுக்கு ரத்தம் எடுக்க, பதினைந்து நாளுக்கொரு முறை உங்கள் ஊர் இடைசெவலுக்கு வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாதத்தில் ஓர் ஆட்டுக்குச் சினை கலைந்துவிட்டது. நான் குத்திய ஊசியால்தான் என்று சொல்வீர்களோ என்ற பயத்தோடு வந்தேன். நீங்கள் மோரைக் கையில் கொடுத்துவிட்டு, “இந்த ரத்தத்துல அப்படி என்னத்தத் தேடுதீங்க?” என்று மட்டும் கேட்டீர்கள்.

சொன்னேன். கரு வளர்வதற்காக உடம்பு தானே செய்துகொள்ளும் சின்னச் சின்னப் பொருள்கள். பாலிஅமீன் என்று பெயர்; புட்ரசீனும் அதில் ஒன்று. அவை குறைந்தால் கரு சரியாக ஊன்றாமல் போகலாம். வேறு காரணங்களும் இருக்கும், முழுதாக எங்களுக்கும் தெரியாது என்றேன்.

“இது பொம்பளையாளுக்கும் உண்டுமா?”

“பால் குடுக்குற எல்லா உசுருக்கும் உண்டுக்கா.”

மறுவாரம் அதைக் கண்ணால் பார்க்க பஸ் ஏறிக் கோவில்பட்டி ஆய்வகத்துக்கே வந்துவிட்டீர்கள். குப்பியை முகர்ந்து, “இந்த நாத்தம் பிடிச்சதா பிள்ளைய வளக்குது?” என்று சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும்தான் சொன்னீர்கள், உங்களுக்கு இரண்டு முறை கலைந்ததை. தண்ணீர்க்குடம் சுமந்ததால்தான் என்று மாமியார் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“குடம் தூக்குனதால இருக்காதுக்கா. பெரும்பாலும் உள்ளுக்குள்ளயே நடக்குது. நம்ம கையில இல்ல.”

“இத எங்க அத்தை முன்னால ஒருக்கா சொல்லுதீங்களா?”

ஆட்டு டாக்டர் பேச்சை யார் கேட்பார் என்று தயங்கினேன். “படிச்சுத்தானே சொல்லுதீங்க, வாங்க” என்றீர்கள்.

வந்தேன், சொன்னேன். கம்பு புடைத்துக்கொண்டிருந்த உங்கள் மாமியார் கையை நிறுத்தவே இல்லை. புடைத்தபடியே சொன்னார். “எனக்கும் மூணு போச்சு. அப்ப ஒருத்தரும் வந்து இப்படிச் சொல்லலியே.”

நீங்கள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவர் கையிலிருந்த சுளகை வாங்கி, மிச்சத்தை நீங்கள் புடைத்தீர்கள்.

பிறகு ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. துட்டி கேட்க வந்த என் கையை உங்கள் மாமியார் நெடுநேரம் விடவில்லை.

இப்போதெல்லாம் சினை கலைந்த ஆட்டைக் கொண்டுவரும் பெண்களிடம், ஆட்டைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருக்கிறேன். பலர் போய்விடுகிறார்கள். சிலர் நின்று, “டாக்டரம்மா, இன்னொண்ணு கேக்கணும்” என்கிறார்கள். நாற்காலியை இழுத்துப் போடுகிறேன், அக்கா.